உறங்காத ஏடுகளும் அவற்றின் காப்புப் படிகளும்

சிறு விவசாயி ஒருவருக்குத் தம் நிலத்தின்மீதுள்ள உரிமைக்குத் துணை நிற்பது யாது? வரப்பும் வேலியும் இடம் மாறக்கூடியவை. ஊராரின் சாட்சியமும் நெடுநாள் நில்லாது. அறிந்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்து போவார்கள். பதிவு செய்யப்பெற்ற பத்திரமும், பட்டாவும், 'அ' பதிவேடும், அடங்கலுமே தலைமுறைகளைக் கடந்து அவருக்காகப் பேசுவன. முற்காலத்தில் இவ்வேடுகள் கர்ணத்தின் பெட்டியிலும், தாலுகா அலுவலகத்தின் பீரோவிலும், சார்பதிவாளர் அலுவலகத்தின் ஆவண அறையிலும் இருந்தன. இன்று இவற்றின் பெரும்பகுதி கணினியில் ஏறியுள்ளது. நிலப் பதிவேடுகளுக்குத் 'தமிழ் நிலம்' என்னும் அமைப்பும், பத்திரப் பதிவுக்கு 2018 பிப்ரவரியில் தொடங்கிய 'ஸ்டார் 2.0' என்னும் இணையவழி அமைப்பும் வழக்கத்தில் உள்ளன. நள்ளிரவில் விழித்துக்கொண்ட ஒருவர் தம் வீட்டிலிருந்தபடியே பட்டாவைப் பார்க்கலாம். வில்லங்க விவரத்தையும் தேடி அறியலாம்.

இவ்வசதி பெரிதும் பாராட்டத்தக்கதே. ஆயினும், ஊராட்சி மன்றக் கூட்டங்களிலும் பயிற்சி வகுப்புகளிலும் நம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "காகிதமாக இருந்தபோது கரையான் அரித்தாலும் பாதியாவது மிஞ்சும். கணினி கெட்டுப்போனால் என்ன மிஞ்சும்?" இக்கேள்வி அறியாமையால் எழுவதன்று, மிகவும் நியாயமான கேள்வி. இதற்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏடுகள் இருக்கும் இடம்

பல லட்சம் விவரங்களை ஒழுங்குபடுத்தி, வேண்டியதை நொடியில் எடுக்கும்படி கணினியில் அடுக்கி வைக்கும் அமைப்பைத் தரவுத்தளம் என்பர். அதனை ஒரு மாபெரும் பேரேடாகக் கருதிக்கொள்ளலாம். அதைத் தாங்கி நிற்கும் கணினிக்குச் சர்வர் என்று பெயர்.

தமிழகத்தின் கிராமங்களைப் பற்றிய பல ஏடுகளின் நிருவாகம் சென்னை மாநகரின் தென்பகுதியில், ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தொலைவுக்குள் அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது. பதிவுத்துறைத் தலைவரின் அலுவலகம் மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோம் நெடுஞ்சாலையில், கடற்கரைக்கு அண்மையில் இருக்கிறது. 'தமிழ் நிலம்' அமைப்பை உருவாக்கிய தேசிய தகவலியல் மையத்தின் மாநில அலுவலகம் அடையாற்றை அடுத்த பெசன்ட் நகரில், ராஜாஜி பவனில் உள்ளது. நமது ஊரக வளர்ச்சித் துறையின் தலைமையகம் சைதாப்பேட்டைப் பனகல் மாளிகை. அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் தியாகராய நகரை அடுத்த நந்தனத்தில் இருக்கிறது. மாநிலத் தரவு மையம் பெருங்குடியில் அமைந்துள்ளது.

ஒரே நகரத்தில் எல்லாம் கூடியிருப்பது மேற்பார்வைக்கு நலம். ஆனால் ஆபத்தும் கூட்டாகவே வரும். 2012 ஜனவரி 16ஆம் நாள் சேப்பாக்கத்திலுள்ள பழமை வாய்ந்த கலச மஹாலில் தீப்பற்றியது. அங்கிருந்த அரசு அலுவலகங்களின் ஆவணங்கள் எரிந்தன. தீயணைக்கச் சென்ற அலுவலர் ஒருவர் உயிரையும் ஈந்தார். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரைபுரண்டபோது சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் நீரில் மூழ்கின. பல பகுதிகளில் மின்சாரமும் தொலைபேசியும் நாட்கணக்கில் இல்லை. பல குடும்பங்களின் பத்திரங்களும் பட்டாக்களும் பள்ளிச் சான்றிதழ்களும் வெள்ளத்தோடு போயின. அப்போது அரசு சிறப்பு முகாம்கள் நடத்தி அவற்றுக்கு நகல் வழங்க ஏற்பாடு செய்தது. வீட்டிலிருந்த தாள் அழிந்தபோதும் அலுவலகத்திலிருந்த ஏடு அழியவில்லை. ஆகையால்தான் நகல் வழங்க முடிந்தது. அந்த ஏடும் அழிந்திருந்தால் நகலை எதிலிருந்து எடுத்திருக்க முடியும்? இதனை நினைத்துப் பார்ப்பவர்களுக்குக் காப்புப் படியின் அருமையை வேறு சொல்லி விளக்க வேண்டுவதில்லை.

முன்னோர் கண்ட வழி

அலுவலகங்களில் 'பேக்கப்' என்று வழங்கும் காப்புப் படி நமக்குப் புதிய பொருளன்று. பனையோலைக்கு ஆயுள் உண்டு என்பதை அறிந்திருந்த நம் முன்னோர், ஓர் ஓலை நைந்து போகுமுன் மற்றோர் ஓலையில் படியெடுத்து வைத்தனர். டாக்டர் உ. வே. சாமிநாதையர் சிந்தாமணியை 1887இலும் சிலப்பதிகாரத்தை 1892இலும் அச்சிட முடிந்ததற்குக் காரணம், ஒரே நூலின் பிரதிகள் பல ஊர்களில், பல வீடுகளில், மடங்களில் இருந்தமையே. ஒன்றில் செல்லரித்த பகுதியை மற்றொன்று நிரப்பியது. அவர் பெயரால் 1943இல் நிறுவப்பெற்று இன்று பெசன்ட் நகரில் விளங்கும் நூல்நிலையம் இதற்குச் சான்றாக நிற்கிறது.

பதிவுத் துறையின் சட்டத்திலும் இக்கருத்து இடம்பெற்றுள்ளது. 1908ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் 51ஆம் பிரிவு, ஒரு பதிவுப் புத்தகம் அழியும் நிலையிலோ படிக்க இயலாத நிலையிலோ இருந்தால், அதனை மறுபடி எழுதிச் சான்றளிக்குமாறு பதிவாளர் ஆணையிடலாம் என்கிறது. அவ்வாறு எழுதப்பட்ட படி மூலப் புத்தகத்தின் இடத்தையே பெறும். சொத்து ஒன்றுக்கு மேற்பட்ட சார்பதிவக எல்லைகளில் இருந்தால், ஓரிடத்தில் பதிவான விவரத்தை ஏனைய அலுவலகங்களுக்கும் அனுப்ப வேண்டும் என்று அடுத்து வரும் பிரிவுகள் விதிக்கின்றன.

ஆனால், அக்காலத்தில் படியெடுப்போருக்கு ஒரு வசதி இருந்தது. படியெடுக்கும் வரையில் மூல ஏட்டில் யாரும் எழுதமாட்டார்கள். இன்றைய ஏட்டுக்கு அந்த ஓய்வு கிடையாது. ஐந்நூற்றுக்கு மேற்பட்ட சார்பதிவாளர் அலுவலகங்களிலிருந்து பகல் முழுதும் அதில் எழுதுகிறார்கள், இரவிலும் மக்கள் அதனைப் பார்க்கிறார்கள், மனுச் செய்கிறார்கள். அலுவலக நேரம் முடிந்தபின் மூடி வைத்துப் படியெடுக்கலாம் என்றாலோ, அளவு இடங்கொடுப்பதில்லை. நொடிக்கு 100 மெகாபைட் வீதம் படியெடுக்கும் கருவி ஒரு டெராபைட்டை முடிக்க ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். பத்து டெராபைட்டுக்கு இருபத்தேழே முக்கால் மணி நேரம். ஒரு நாளுக்கு உள்ளதே இருபத்து நான்கு மணி நேரந்தான்! ஆகவே, திறந்திருக்கும் ஏட்டைத் திறந்திருக்கும்போதே படியெடுத்தாக வேண்டும்.

எழுதிக்கொண்டிருக்கும்போது படியெடுப்பதில் உள்ள இடர்

இதில் மறைந்திருக்கும் இடரை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். ஐந்நூறு பக்கமுள்ள நிலப் பேரேடு ஒன்றைக் காலை பத்து மணிக்குப் படியெடுக்கத் தொடங்குகிறோம் என்க. பத்தாம் பக்கத்தில் ஒருவர் பெயரில் ஐம்பது சென்ட் நிலம் இருக்கிறது. அதனை அப்படியே எழுதிக்கொள்கிறோம். நண்பகலில் அவர் அந்நிலத்தை மற்றொருவருக்கு விற்றுவிடுகிறார். மூலப் பேரேட்டில் பத்தாம் பக்கத்திலிருந்து நிலம் கழிக்கப்பட்டு, நானூறாம் பக்கத்தில் வாங்கியவர் பெயரில் ஏற்றப்படுகிறது. நாம் மாலை நான்கு மணிக்கு நானூறாம் பக்கத்தை அடைந்து, அதையும் உள்ளபடியே எழுதுகிறோம். முடிவில் நமது படியில், விற்றவரிடமும் ஐம்பது சென்ட், வாங்கியவரிடமும் அதே ஐம்பது சென்ட்! விற்றவரின் பக்கம் பின்னாலும் வாங்கியவரின் பக்கம் முன்னாலும் இருந்திருந்தால், அந்நிலம் இருவரிடமும் இல்லாமல் மறைந்திருக்கும். ஒவ்வொரு பக்கமும் உண்மையாகவே படியெடுக்கப்பட்டது. ஆயினும் படி முழுவதும் பொய்யாகிவிட்டது. இத்தகைய படியை நம்பி ஏட்டை மீட்டால், கிராமத்தில் வழக்கும் பகையுமே விளையும்.

குறிப்பேடு தரும் தீர்வு

இவ்விடரைத் தீர்க்கும் வழி, கூட்டுறவுச் சங்கங்களில் கணக்கு எழுதுவோர் நன்கறிந்த ஒன்றே. அங்கு நடக்கும் ஒவ்வொரு வரவு செலவையும் நேரடியாகப் பேரேட்டில் எழுதுவதில்லை. முதலில் குறிப்பேட்டில் நேர வரிசைப்படி எழுதிவிட்டு, பிறகே பேரேட்டில் அவரவர் பக்கத்தில் ஏற்றுகிறார்கள். பேரேடு கெட்டுப்போனாலும், பழைய இருப்பும் அதற்குப் பிந்திய குறிப்பேடும் இருந்தால் அதனை மீண்டும் எழுதிவிடலாம்.

பெரிய தரவுத்தளங்களும் இவ்வாறே இயங்குகின்றன. எந்த மாற்றமும் முதலில் குறிப்பேட்டில் வரிசை எண்ணுடன் எழுதப்பட்டு வட்டில் நிலைபெற்ற பின்னரே முடிவு பெற்றதாகக் கொள்ளப்படும். காப்புப் படி எடுக்கும்போது, தொடங்கிய வேளையில் குறிப்பேடு எந்த எண்ணில் இருந்தது, முடித்த வேளையில் எந்த எண்ணில் இருந்தது என்று குறித்துக்கொள்கிறார்கள். இடையில் பேரேட்டில் எழுதுவதைத் தடுப்பதில்லை. எடுத்த படியில் மேற்சொன்ன முரண்பாடுகள் இருக்கும்; இருக்கட்டும். மீட்கும்போது அப்படியின்மேல் அவ்விரு எண்களுக்கும் இடைப்பட்ட குறிப்புகளை வரிசையாக மறுபடி ஏற்றினால், பத்தாம் பக்கத்தில் நிலம் கழிந்து நானூறாம் பக்கத்தில் மட்டும் நிற்கும், முரண்பாடு நீங்கிவிடும்.

இம்முறையில் மற்றொரு பெரும் பயனும் உண்டு. குறிப்பேட்டின் தாள்களைத் தொடர்ந்து வெளியூருக்கு அனுப்பிச் சேமித்து வந்தால், ஏட்டினை எந்த நாளின் எந்த நிமிடத்துக்கும் திருப்பிக் கொண்டுவரலாம். பகல் 11 மணி 40 நிமிடத்துக்கு ஒருவர் தவறுதலாக ஒரு வட்டத்தின் விவரங்களை அழித்துவிட்டாரெனில், 11 மணி 39 நிமிடத்தின் நிலைக்கு ஏட்டை மீட்டுக்கொள்ள முடியும். ஆனால் குறிப்பேட்டின் தாள்களில் ஒன்றேனும் இடையில் காணாமற்போனால், அதற்குப் பிந்தியவை யாவும் பயனற்றுப் போகும். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் எண்ணிப் பார்த்துச் சேமிப்பது இதனால் இன்றியமையாததாகிறது.

வேறொரு வழி, 'ஸ்னாப்ஷாட்' எனப்படும் கணநேரப் பதிவு. ஒரு குறித்த கணத்தில் ஏடு எவ்வாறிருந்ததோ அந்நிலையை உறைய வைக்கிறார்கள். அதன்பின் ஒரு பக்கம் மாறுமாயின், பழைய பக்கம் அழிக்கப்படாமல் காக்கப்படும். படியெடுப்பவர் பழைய பக்கத்தையும், அலுவலர்கள் புதிய பக்கத்தையும் காண்பர். ஒருவர் பணி மற்றவர் பணியைத் தடுப்பதில்லை. எனினும், அப்பதிவு மூல ஏடு இருக்கும் அதே வட்டிலேயே தங்கியிருக்கும் வரையில் அதைக் காப்புப் படி என்று சொல்லலாகாது. வட்டு எரிந்தால் இரண்டும் சேர்ந்தே எரியும். அதனை வேறு வட்டுக்கும் வேறு ஊருக்கும் பெயர்த்த பின்னரே அது காப்பாகும்.

நாள்தோறும் முழு ஏட்டையும் படியெடுப்பது வீண் சுமை. வாரம் ஒருமுறை முழுப் படி, நாள்தோறும் மாறிய பக்கங்கள் மட்டும், நிமிடந்தோறும் குறிப்பேடு என்று வகுத்துக்கொண்டால் செலவு குறையும், பாதுகாப்பு குறையாது.

இரட்டை ஏடு காப்புப் படியாகுமா?

முதன்மைச் சர்வரில் எழுதுவதை உடனுக்குடன் வாங்கித் தானும் எழுதிக்கொள்ளும் இரண்டாம் சர்வர் ஒன்றை வைப்பது வழக்கம். முதலாவது பழுதானால் இரண்டாவது பொறுப்பேற்கும். படியெடுக்கும் சுமையை இந்த இரண்டாவதன்மேல் ஏற்றிவிட்டால், மக்களுக்குச் சேவை செய்யும் முதலாவது தளர்வதில்லை. இவை நல்ல ஏற்பாடுகளே. ஆனால், "இரட்டை இருக்கிறதே, காப்புப் படி எதற்கு?" என்று கேட்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். முதல் ஏட்டில் தவறாக அழித்தது, மறு நொடியே இரண்டாம் ஏட்டிலும் அழிந்துவிடும். கண்ணாடியில் தெரியும் உருவம், முகத்தில் கரி பூசினால் தானும் கறுத்துவிடும் அல்லவா? வட்டு கெடுவதற்கு இரட்டை ஏடு மருந்து. மனிதத் தவறுக்கும் வஞ்சகத்துக்கும் பழைய படியே மருந்து.

தொலைவு பற்றியும் இங்கே கூறுதல் பொருந்தும். தமிழக அரசின் பேரிடர் மீட்பு மையம் திருச்சிராப்பள்ளியில் அமைந்துள்ளது. அடையாற்று வெள்ளமும் வங்கக் கடற்புயலும் ஒரே வேளையில் தாக்காத தூரம் அது. ஆயினும், தொலைவுக்கு ஒரு விலை உண்டு. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் செல்லும். சென்னையிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் சென்று, "எழுதிக்கொண்டேன்" என்ற விடை திரும்புவதற்கு ஒரு நொடியின் ஆயிரத்தில் மூன்று பங்கேனும் ஆகும். இது அற்பமாகத் தோன்றும்; ஆனால் ஒவ்வொரு பதிவுக்கும் காத்திருந்தால் பல்லாயிரம் பதிவுகளில் தாமதம் பெருகும். ஆகவே அண்மையிலுள்ள இரட்டைக்கு விடை வரும்வரை காத்திருப்பதும், தொலைவிலுள்ளதற்குக் காத்திராமல் அனுப்பிக்கொண்டே இருப்பதும் பொது வழக்கம். பின்னதில், விபத்து நேரும் கணத்தில் வழியிலிருக்கும் சில பதிவுகள் இழக்கப்படலாம்.

எனவே, எந்த ஏட்டுக்கும் பொறுப்பாளர்கள் முன்கூட்டியே இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதி வைத்தல் வேண்டும். எவ்வளவு நேரத்துப் பதிவுகளை இழந்தால் தாங்கிக்கொள்ளலாம்? எவ்வளவு நேரத்துக்குள் பணி மீண்டும் தொடங்க வேண்டும்? ஒரு நாள் பதிவை இழப்பது நூலகத்துக்குப் பெரிதன்று. பத்திரப் பதிவுக்கோ அது பெருங்கேடு. ஏட்டின் தன்மையை ஒட்டியே செலவும் ஏற்பாடும் அமைய வேண்டும்.

இரண்டு ஏடுகள் ஒன்றையொன்று சார்ந்திருக்கும்போது மேலும் ஒரு கவனம் தேவை. உட்பிரிவு வேண்டாத இனங்களில், பத்திரம் பதிவானதும் பட்டா தானாகவே மாறும் முறை தமிழகத்தில் உள்ளது. பதிவு ஏட்டைக் காலை பத்து மணி நிலைக்கும், பட்டா ஏட்டை முந்தைய நாள் மாலை நிலைக்கும் மீட்டுவிட்டால், பத்திரம் ஒருவர் பெயரிலும் பட்டா மற்றவர் பெயரிலும் நிற்கும். மீட்பு முடிந்தபின் இரு ஏடுகளையும் ஒப்பிட்டு, இடைவெளியில் நடந்த மாறுதல்களை மறுபடி செலுத்திய பின்னரே மக்களுக்குத் திறந்துவிடுதல் முறையாகும்.

உலகம் கற்ற பாடங்கள்

இவ்விதிகளைப் புறக்கணித்தவர்களின் அனுபவம் நமக்குப் பாடமாகும். தென்கொரியாவின் தேஜோன் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் 2025 செப்டம்பர் 26ஆம் நாள் லித்தியம் மின்கலங்களிலிருந்து தீ எழுந்தது. அறுநூற்றுக்கு மேற்பட்ட அரசு அமைப்புகள் நின்றன. அரசு ஊழியர்கள் தங்கள் கோப்புகளைச் சேமித்து வைத்திருந்த 858 டெராபைட் அளவுள்ள சேமிப்பகம் ஒன்று முற்றிலும் அழிந்தது. அளவில் மிகப் பெரியது ஆதலால் அதற்கு வெளியிடத்தில் காப்புப் படி இல்லை என்று அதிகாரிகள் விளக்கம் கூறினர். பெரிது என்பதே அதனைக் காக்காமைக்குக் காரணமாயிற்று! ஏடு பெரிதாக ஆக, அதை நம்பி நிற்போரும் பெருகுகிறார்கள் என்பதை மறத்தலாகாது.

அண்டை நாடான இலங்கையில் 2023 ஆகஸ்டில், பணம் பறிக்கும் நோக்குடன் கோப்புகளைப் பூட்டிவிடும் தீநிரல் அரசின் மின்னஞ்சல் அமைப்பைத் தாக்கியது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான கடிதங்களுக்குக் காப்புப் படி இல்லாமையால் அவை மீளவில்லை. இத்தகைய தீநிரல், கைக்கெட்டும் காப்புப் படிகளையும் சேர்த்தே பூட்டிவிடும். ஆகையால் ஒரு படியேனும் எழுத மட்டுமே இயன்று, குறித்த காலம் வரையில் யாராலும் அழிக்கவோ மாற்றவோ இயலாததாக இருத்தல் வேண்டும். அல்லது கம்பித் தொடர்பே இல்லாமல் நாடாச் சுருளில் பெட்டிக்குள் உறங்க வேண்டும். மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வெளியூரில் என்பது எங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட விதி. மக்களின் அந்தரங்க விவரங்கள் அடங்கியிருப்பதால், வெளியே செல்லும் படியைச் சங்கேத எழுத்தால் பூட்டுவதும், சாவியைப் படியோடு சேர்த்து வைக்காமல் தனியே காப்பதும் கடமையாகும். சாவி தொலைந்தால் படியும் தொலைந்ததே.

எல்லாவற்றுக்கும் மேலான பாடத்தைக் கிட்லேப் என்னும் மென்பொருள் நிறுவனம் 2017 ஜனவரி 31ஆம் நாள் கற்றது. அங்குப் பணியாளர் ஒருவர் நள்ளிரவு நெருங்கும் வேளையில் பழுது நீக்கிக்கொண்டிருந்தபோது, இரண்டாம் சர்வர் என்று எண்ணி முதன்மைச் சர்வரில் அழிக்கும் கட்டளையை இட்டுவிட்டார். ஏறத்தாழ 300 ஜிகாபைட் சில நொடிகளில் மறைந்தது. அந்நிறுவனத்திடம் ஐந்து வகைக் காப்பு ஏற்பாடுகள் இருந்தன. தேடிப் பார்த்தபோது ஒன்றும் முறையாக இயங்கியிருக்கவில்லை. நாள்தோறும் படியெடுக்க வேண்டிய நிரல், பதிப்பு வேறுபாட்டால் நெடுநாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சலும் உரியவரை அடையவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு காரியத்துக்காக எடுத்து வைத்திருந்த ஒரு கணநேரப் பதிவே அவர்களைக் காப்பாற்றியது. இடைப்பட்ட ஆறு மணி நேரப் பதிவுகள் போயின. அந்நிறுவனம் இதனை மறைக்காமல் உலகறிய வெளியிட்டது; பிறர் பயன்பெற்றனர்.

முளைத்துப் பார்த்த விதையே விதை

இதனை நம் விவசாயிகளுக்கு விளக்குவது எளிது. அறுவடை முடிந்ததும் விதைநெல்லைத் தனியே பிரித்துக் கோட்டை கட்டி வைக்கிறோம். பஞ்சம் வந்தாலும் அதில் கை வைப்பதில்லை. ஆயினும், அடுத்த பட்டத்தில் அதனை அப்படியே நாற்றங்காலில் கொட்டிவிடுவதில்லை. நூறு நெல்லை எண்ணி எடுத்து, ஈரச் சாக்கில் முளைகட்டிப் பார்க்கிறோம். எண்பதுக்குமேல் முளைத்தால் விதை. இல்லையேல் அது வெறும் நெல். காப்புப் படியும் அத்தகையதே. மீட்டுப் பார்க்காத படி வெறும் நம்பிக்கை.

ஆதலால், குறித்த காலந்தோறும் காப்புப் படியை வேறொரு கணினியில் முழுமையாக மீட்டு, ஏடு திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆவணங்களின் எண்ணிக்கை மூலத்தோடு ஒத்துள்ளதா, ஒரு கிராமத்தின் மொத்தப் பரப்பு 'அ' பதிவேட்டின் கூட்டுத்தொகையோடு பொருந்துகிறதா, தாளில் அச்சிட்டு வைத்த சில பட்டாக்கள் அதில் அவ்வாறே உள்ளனவா என்று சோதிக்க வேண்டும். மீட்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதையும் குறித்து வைக்க வேண்டும். படியெடுப்பவர் ஒருவர், சோதிப்பவர் மற்றொருவர் என்றிருப்பது நலம். கஜானாவில் இருப்பைச் சரிபார்க்க வேறொரு அதிகாரி வருவது சந்தேகத்தினாலன்று, அது முறை.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

மாநில அளவிலான ஏடுகளைக் காப்பது வல்லுநர்களின் பொறுப்பு. எனினும், ஊராட்சி அலுவலகத்திலும் ஒன்றிய அலுவலகத்திலும் உள்ள கணினிகளில் நாமே காக்க வேண்டிய விவரங்கள் பல உள்ளன. வரி கேட்புப் பட்டியல்கள், கிராம சபைத் தீர்மானங்கள், பணிகளின் மதிப்பீடுகள், அளவுப் புத்தகத்தின் நகல்கள், புகைப்படங்கள் முதலியவை பெரும்பாலும் ஒரே கணினியில் கிடக்கின்றன. இடி விழுந்தாலோ, கூரை ஒழுகினாலோ, அவை ஒரே இரவில் போய்விடும்.

வெளியே பொருத்தும் ஹார்டு டிஸ்க் இரண்டு வாங்குக. வாரந்தோறும் ஒன்றில் படியெடுத்து, அதனை ஒன்றிய அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு, அங்கிருக்கும் மற்றொன்றை எடுத்து வருக. படியெடுத்ததும் அதனைக் கணினியிலிருந்து கழற்றிவிட மறவாதீர்கள். பென் டிரைவை நிலையான காப்பாக நம்பற்க. படியெடுத்த நாள், எடுத்தவர் கையொப்பம், சோதித்தவர் கையொப்பம் ஆகியவற்றுக்கு ஒரு சிறு பதிவேடு வைத்துக்கொள்க. மாதம் ஒருமுறை ஏதேனும் பத்துக் கோப்புகளை வேறு கணினியில் திறந்து பார்க்குக. சர்வர் சில நாட்கள் இயங்காமற்போனாலும் குடிநீரும், ஊதியமும், இறப்புச் சான்றும் நிற்காதபடி, வேண்டிய படிவங்களையும் அடிப்படைப் பட்டியல்களையும் தாளில் அச்சிட்டு வைத்திருப்பதும் அறிவுடைமை.

கிராம மக்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஆண்டுக்கு ஒருமுறையேனும் இணையத்திலோ இ-சேவை மையத்திலோ தங்கள் பட்டாவையும் வில்லங்க விவரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெயரிலோ, சர்வே எண்ணிலோ, பரப்பிலோ பிழை தோன்றினால் உடனே வட்டாட்சியர் அலுவலகத்திலோ சார்பதிவாளர் அலுவலகத்திலோ எழுத்து மூலம் தெரிவியுங்கள். பிழையைக் காலத்தில் கண்டால், சரியாக இருந்த பழைய படி கிடைக்கும். பல ஆண்டு கழிந்து கண்டால் பழைய படிகளிலும் பிழையே இருக்கும். பத்திரத்தின் சான்றிட்ட நகல் ஒன்றைப் பெற்று, மூலப் பத்திரம் இருக்கும் வீட்டில் வைக்காமல், நம்பிக்கைக்குரிய உறவினர் வீட்டில் வைப்பதும் நன்று.

'வெள்ளம் வருமுன் அணை கோலு' என்பது நம் நாட்டுப் பழமொழி. ஏரிக்கரையை மழைக்காலத்துக்கு முன் செப்பனிடுவதைக் கிராமத்தின் பொதுக் கடமையாகக் கருதி வந்திருக்கிறோம். கணினியிலுள்ள ஏடும் பொதுச் சொத்தே. அதன் கரை நாள்தோறும் செப்பனிடப்படுகிறதா, மாதந்தோறும் சோதிக்கப்படுகிறதா என்று கேட்பதற்குக் கிராம சபைக்கு உரிமை உண்டு. அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே இக்கேள்வியை எழுப்பி, விடையைத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்யுமாறு ஊராட்சித் தலைவர்களையும் உறுப்பினர்களையும் வேண்டிக்கொள்கிறோம்.